‘ரெண்டு கிழமை’ என்றால் எத்தனை நாள்? டர்பனில் ஓர் அகதி அப்பீல்

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2025

அக்கா, மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், 2023இல் இலங்கையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து அகதி மனு கொடுத்தவர். போன வியாழன், பிப்ரவரி 27ஆம் திகதி, நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். படிவத்தில் ஒன்று, நேர்காணலில் வேறொன்று சொன்னாராம், அதனால் நம்ப முடியாதாம். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மச்சான் அழுகிறார். இங்கே ஆட்கள் கதைப்பது வேறு: அப்பீலில் போய் மொழிபெயர்ப்புப் பிழை என்று சொல்லாதே, தோற்கிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், எழுதியிருப்பதையே பிடித்துக்கொண்டு நில் என்கிறார்கள். அது சரியா? அப்பீலில் திருத்தலாமா, கூடாதா?

3 மார்ச் 2025, இரவு

திருத்தலாம். திருத்தத்தான் வேண்டும். உங்களுக்குச் சொன்னவர்கள் நல்ல மனதோடு சொல்லியிருப்பார்கள். ஆனால் தப்பாக எழுதியதைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்தத் தப்பு உங்கள் மச்சானின் சொந்த வாக்குமூலமாகவே ஆகிவிடும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அப்படி ஒரு பிழையைச் செய்தவள் நானே. 2022இல் ஒரு தம்பியின் நேர்காணலுக்கு மொழிபெயர்க்கப் போனேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அக்காவுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று யாரோ கைகாட்டிவிட்டார்கள். என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்து 16 வருடம். அவன் முல்லைத்தீவுப் பக்கத்துப் பையன். இரண்டு பேரும் பேசுவது தமிழ்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துப் போனேன்.

எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தார்கள் என்று அதிகாரி கேட்டார். அவன் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது. “ரெண்டு கிழமை வைச்சிருந்தவங்கள், அக்கா.” எனக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். ‘டூ டேய்ஸ்’ என்று சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். ஈழத்தில் கிழமை என்றால் வாரம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவனுடைய படிவத்திலோ ‘டூ வீக்ஸ்’ என்று இருந்தது.

நிராகரிப்புக் கடிதத்தில் முதல் காரணமே அதுதான். இரண்டு வாரம் என்று எழுதியவர், நேரில் கேட்டபோது இரண்டு நாள் என்றார், ஆகவே நம்பகமில்லை.

உங்கள் மச்சானுக்கு இப்போது செய்யவேண்டியது: பதற வேண்டாம், 30 நாள் இருக்கிறது. கடிதத்தை ஒரு வரி விடாமல் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளை மீதியை எழுதுகிறேன்.

4 மார்ச் 2025, விடிகாலை

தூக்கத்திலிருந்து எழுந்து எழுதுகிறேன். நேற்று 30 நாள் என்று சொன்னது தவறு. அது பழைய கணக்கு. திருத்திய அகதிச் சட்டமும் புதிய விதிகளும் 1 ஜனவரி 2020 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. இப்போது 10 வேலைநாள்தான். பிப்ரவரி 27 வியாழன் கையில் வாங்கினார் என்றால், மறுநாள் வெள்ளியிலிருந்து எண்ணுங்கள்: மார்ச் 13 வியாழனோடு முடிகிறது. சனி, ஞாயிறு சேராது.

30 நாள் என்று நான் எழுதியதைப் பார்த்து யாராவது ஏற்கெனவே வேறு யாருக்காவது சொல்லியிருந்தால், தயவுசெய்து உடனே கூப்பிட்டு மாற்றிச் சொல்லுங்கள். தேதி தாண்டிப்போனவர்கள் காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி மனு போடலாம். ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால் கிடைப்பது. அதை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது.

4 மார்ச் 2025, இரவு

வாசகர் ஒருவர் தனியே எழுதிக் கேட்டார்: மெல்போர்னில் இருக்கும் தன் உறவுக்காரர் 28 நாள் என்கிறாரே, எது சரி என்று. இரண்டும் சரிதான், நாடுதான் வேறு. 28 நாள் என்பது ஆஸ்திரேலியாவில், பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டவர் அங்கே இருக்கும் தீர்ப்பாயத்தில் மறுஆய்வு கேட்பதற்கான கெடு. அந்தத் தீர்ப்பாயமும் மாறிவிட்டது. பழையதை எடுத்துவிட்டு 14 அக்டோபர் 2024 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் என்று புதிதாக நடத்துகிறார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும், விசாரணை ஒலிப்பதிவாகும். என் சித்தி மகன் அங்கே இதையெல்லாம் தாண்டி வந்தவன். தன் விசாரணைப் பதிவை வாங்கி வீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். நான் போன நேர்காணலில் பதிவு எதுவும் இல்லை. அதிகாரி கையால் எழுதிய தாள்கள்தான் எல்லாம். என் வாயிலிருந்து விழுந்த ‘டூ டேய்ஸ்’ அந்தத் தாளில் இருக்கிறது. அவன் வாயிலிருந்து வந்த ‘ரெண்டு கிழமை’ எங்கும் இல்லை.

வாட்ஸ்ஆப்பில் வருகிற ஆலோசனை எந்த நாட்டுக்கானது என்று முதலில் பாருங்கள்.

5 மார்ச் 2025

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர் என்னைத் திருத்தினார், நன்றி. அவர் சொன்னது முக்கியம். எல்லா நிராகரிப்பும் ஒரே வழியில் போவதில்லை. கடிதத்தில் வெறுமனே ‘ஆதாரமற்றது’ என்று இருந்தால் அகதி மேல்முறையீட்டு ஆணையத்துக்கு அப்பீல், அதை நீங்களேதான் போடவேண்டும். ‘வெளிப்படையாகவே ஆதாரமற்றது’, ‘மோசடி’, ‘துஷ்பிரயோகம்’ என்று இருந்தால் அது அகதி விவகார நிலைக்குழுவின் மறுபரிசீலனைக்குத் தானாகப் போகும். நீங்கள் எழுத்தில் விளக்கம் கொடுக்கலாம். இரண்டையும் கலந்து, தப்பான மேசையில் காகிதம் கொடுத்துவிட்டு நாளை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் எது என்று பாருங்கள்.

மச்சானுக்கு ‘ஆதாரமற்றது’ என்றுதான் வந்திருக்கிறது என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்போது அப்பீல்தான்.

8 மார்ச் 2025

இன்று வகுப்பு முடிந்து வந்து நீங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை நிதானமாக வாசித்தேன். அதில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். “மனுதாரர் தன் அண்ணனைப் பார்க்கவில்லை என்று கூறினார். படிவத்திலோ அண்ணன் கடத்தப்பட்டார் என்று எழுதியுள்ளார்.”

மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: நேர்காணலில் அவர் “அண்ணாவைக் காணேல்லை” என்று சொன்னாரா? அப்படிச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஈழத்தில் அந்தச் சொல்லுக்கு அண்ணன் காணாமல் போய்விட்டான் என்று பொருள். எங்கள் ஊர்க்காரர் காதில் விழுந்தால் ‘நான் அண்ணனைப் பார்க்கவில்லை’. ஒருவர் வீட்டையே குலைத்த சேதி, இன்னொருவர் வாயில் ‘ஐ டிட் நாட் சீ ஹிம்’ என்று மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது.

அந்தத் தம்பியின் அப்பீலுக்குப் பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுத ஆரம்பித்தேன். அதிலிருந்து சில.

கேம்ப். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆமி முகாமும் கேம்ப், இடம்பெயர்ந்த சனத்தை அடைத்த முகாமும் கேம்ப், புனர்வாழ்வு என்று சொல்லி வைத்திருந்த தடுப்பும் கேம்ப். “கேம்பில மூண்டு மாசம் இருந்தனான்” என்றால் எந்தக் கேம்ப் என்று கேட்காமல் மொழிபெயர்க்கவே கூடாது. 2009இல் கிட்டத்தட்ட 3 லட்சம் பேரை முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். அதில் பெரியது செட்டிகுளத்து மெனிக் பாம், 2012 செப்டம்பரில்தான் மூடினார்கள். அங்கே குடும்பத்தோடு இருந்த ஒருவரை, ராணுவ முகாமில் தங்கியிருந்தவர் என்று எழுதிவிட்டால், அவர் ராணுவத்துக்கு வேலை செய்தவராகத் தெரிவார்.

நாலாம் மாடி. கொழும்பில் குற்றப் புலனாய்வுத் துறையின் விசாரணை இடம். “நாலாம் மாடிக்குக் கொண்டு போனவங்கள்” என்றால் ஈழத்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் கேட்கிற அதிகாரிக்கு அது ஒரு கட்டடத்தின் நான்காவது தளம், அவ்வளவுதான்.

தலையாட்டி. முகத்தை மூடிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கிறவர்களில் இன்னார் என்று தலையாட்டிக் காட்டிக்கொடுப்பவன். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடினால் கிடைக்காது. நின்று, நாலு வாக்கியத்தில் விளக்கத்தான் வேண்டும். அதிகாரி அவசரப்பட்டாலும் விளக்கவேண்டும்.

அண்ணா, தம்பி, மாமா, சித்தப்பா. இது ஈழம் என்றில்லை, நம் எல்லாருக்கும் பொது. படிவத்தில் கூடப்பிறந்தவர் இரண்டு பேர். நேர்காணலில் “பக்கத்து வீட்டு அண்ணா” என்று ஆரம்பித்து அப்புறம் வெறும் “அண்ணா” ஆகிவிடும். எழுதுகிறவர் கணக்கில் மூன்றாவது சகோதரன் முளைத்துவிட்டான். பெரியப்பாவை ‘ஃபாதர்’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் ‘ஃபாதர்’ 2006இல் இறந்தார், 2011இல் பணம் அனுப்பினார் என்று வந்தால் என்ன ஆகும்?

இதெல்லாம் கெட்டிக்காரத்தனமான பொய்யைக் கண்டுபிடித்த மாதிரி கடிதத்தில் வரிசையாக எழுதப்படும். வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும்.

8 மார்ச் 2025, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்துவிட்டு ஒன்று சேர்க்கிறேன். மொழிபெயர்த்தவரைக் குற்றம் சொல்வது சுலபமாகிவிடக் கூடாது. உண்மையிலேயே மச்சான் முதலில் ஒன்று சொல்லி, இப்போது வேறொன்று சொல்கிறார் என்றால் அதை மொழிபெயர்ப்பாளர் தலையில் போடாதீர்கள். போட்டால் உண்மையான பிழைகளையும் சேர்த்தே நம்பமாட்டார்கள்.

முதலில் வெட்கத்தாலோ பயத்தாலோ சொல்லாமல் விட்டது வேறு வகை. தடுப்பில் உடம்புக்கு நடந்ததை ஓர் ஆண்பிள்ளை ஊர்க்கார அக்காவை வைத்துக்கொண்டு சொல்வானா? என் எதிரில் அந்தத் தம்பி சொல்லவில்லை. “அடிச்சவங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே பார்த்தான். அப்பீலில் புதிதாகச் சொல்லலாம். ஏன் முன்பு சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மருத்துவர் அறிக்கை இருந்தால் அது பேசும்.

9 மார்ச் 2025

நேர்காணலில் சொன்னது ஊர் தூதரகத்துக்குப் போகுமா என்று மச்சான் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அகதி மனுவின் ரகசியம் சட்டத்திலேயே இருக்கிறது, 21ஆம் பிரிவு. 2013இல் சில ஊடக நிறுவனங்கள், செக் நாட்டுக்காரர் ஒருவரின் அப்பீல் விசாரணையைப் பார்க்க அனுமதி கேட்டு அரசமைப்பு நீதிமன்றம் வரை போயின. அப்போதும் நீதிமன்றம் கதவை அகலத் திறந்துவிடவில்லை. ஒவ்வொரு வழக்கையும் பார்த்து முடிவு செய்யும் அதிகாரத்தை அன்றிருந்த அப்பீல் வாரியத்துக்குக் கொடுத்தது. அதனால் அந்தப் பயத்தில் எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள்.

11 மார்ச் 2025

நாளை மறுநாள் கடைசி நாள். எல்லாக் காரணத்தையும் முழுதாக எழுதி முடிக்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்பீலையும் முக்கியக் காரணங்களையும் கொடுத்துவிட்டு, ‘கோப்பு கிடைத்ததும் கூடுதல் விளக்கம் தருவோம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கோப்பின் நகலுக்குத் தகவல் பெறும் சட்டத்தில் தனியாக மனு போடவேண்டும், அதற்கு அவர்களுக்கு 30 நாள் கெடு. 10 வேலைநாளுக்குள் கோப்பைப் பார்த்துவிட்டு அப்பீல் எழுதுவது நடக்காத காரியம். காகிதம் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

வக்கீல் இல்லையென்றால், பல்கலைக்கழகச் சட்ட மையங்களும் மனித உரிமை வக்கீல்கள் அமைப்பும் இதை இலவசமாகப் பார்க்கிறார்கள். கூட்டம் இருக்கும். காலை ஆறரைக்குப் போய் நில்லுங்கள்.

13 மார்ச் 2025

முத்திரையோடு படம் அனுப்பியிருக்கிறீர்கள். பார்த்தேன். இன்றைக்கு இது போதும்.

30 மார்ச் 2025

கோப்பு வரும்வரை என் கதையின் மீதியை எழுதுகிறேன். உங்கள் மச்சான் வழக்குக்கு இது பயன்படும்.

அந்தத் தம்பியின் கடிதத்தில் இரண்டாவது காரணம் ஒரு தேதி. ‘1 ஜூன் 2009 அன்று போர்ப் பகுதியிலிருந்து ராணுவத்திடம் வந்தேன் என்கிறார். போர் மே மாதமே முடிந்துவிட்டது. ஆகவே இது புனைவு.’

சட்ட மையத்தில் ஒரு இளம் ஜூலு வக்கீல் அம்மா, என்னைக் கூப்பிட்டு அந்த வரியை வாசித்துக் காட்டினார். அவன் ஜூன் என்று சொன்னானா என்று கேட்டார். எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. வீட்டுக்கு வந்து, இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவரில் கோயில் காலண்டரைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன்.

அவன் சொன்னது “வைகாசி பதினெட்டு”. வட்டுவாகல் பாலத்தால் வந்தோம் என்றான். எனக்கு வைகாசி என்றால் மே 15 வாக்கில் பிறக்கிற மாதம். அங்கிருந்து 18ஆம் நாள் எண்ணினால் ஜூன் 1. மனசுக்குள் கணக்குப் போட்டு, சரியாகச் சொல்கிறோம் என்ற நம்பிக்கையோடு சொன்னேன். ஆனால் ஈழத்தில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பிப்ரவரி, வைகாசி என்றால் மே. முதலாம் திகதியிலிருந்து முப்பத்தொன்றுவரை. அவன் சொன்னது மே 18. அந்த நாளை அவன் மறப்பானா? உலகத் தமிழர் யாருக்குத்தான் அது தெரியாது? முள்ளிவாய்க்கால் என்ற பெயரை அவன் சொல்லியிருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்கும். அவன் பாலத்தின் பெயரைத்தான் சொன்னான். நானும் கேட்கவில்லை.

இந்த ஊரில் அந்தப் பிழை இன்னும் எளிது. டர்பனில் தமிழ் பேசத் தெரியாத வீட்டில்கூடத் தமிழ் மாதம் தெரியும். புரட்டாசி பிறந்தால் மாமிசம் நிறுத்துவார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். என் மாமியாருக்குத் தமிழில் ஐம்பது சொல் வருமா என்பது சந்தேகம், ஆனால் புரட்டாசி எந்த வியாழனில் பிறக்கிறது, எந்த வெள்ளியில் பிறக்கிறது என்று நாள் பிசகாமல் சொல்வார். இங்கே யாரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டாலும், படித்தவரோ பூசாரியோ, வைகாசி என்றால் மாத நடுவிலிருந்துதான் எண்ணுவார்.

31 மார்ச் 2025

மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னதை எழுதிவைக்கத் தோன்றுகிறது. அவருடைய தாத்தாவின் அப்பா ஒப்பந்தக் கூலியாக மதராஸில் கப்பல் ஏறியவர். முதல் கப்பல் ட்ரூரோ, 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைக்கு வந்தது. இவர் வந்தது அதற்குப் பின்னால். கவுண்டர் என்று ஊர்க்காரர் சொன்னதைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். இன்றைக்கு இந்த நாடு முழுக்க கோவெண்டர். “நம்மள பேரையே அப்படித்தான் எழுதினான்” என்றார் மாமியார். பெயர் மாறியும் அவர்கள் வாழ்ந்துவிட்டார்கள். தேதி மாறினால் இந்தப் பையனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வக்கீல் அம்மா என்னைச் சத்தியக் கடதாசி எழுதச் சொன்னார். நான் எங்கே பிறந்தேன், எந்தத் தமிழ் பேசுகிறேன், அவன் என்ன சொல்லைச் சொன்னான், நான் என்ன சொன்னேன், ஏன் அது தப்பு. மூன்று பக்கம். அதை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனேன். இங்கே சத்தியம் வாங்கிக் கையெழுத்துப் போடுவதைக் காவல் நிலையத்திலேயே இலவசமாகச் செய்வார்கள். கவுண்டரில் இருந்த கான்ஸ்டபிள் பெண் மூன்று கேள்வி கேட்டார். இதில் எழுதியிருப்பது தெரியுமா, புரியுமா? சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா? இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? தினமும் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி, அவர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட்டோம்.

நான் சொன்னதை மட்டும் வைத்து யாரும் நம்பத் தேவையில்லை என்பதற்கு வக்கீல் அம்மா இன்னொன்றும் செய்தார். அவனுடைய பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் தமிழில் கையால் எழுதியது. பிறந்த திகதி ‘கார்த்திகை 25’. பாஸ்போர்ட்டில் நவம்பர் 25. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகல் எடுத்து இணைத்தார். எங்கள் கணக்கில் கார்த்திகை 25 டிசம்பரில் வரும். அவன் ஊரில் மாதத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உங்கள் மச்சான் காகிதங்களிலும் இப்படி ஏதாவது இருக்கும். தேடுங்கள்.

2 ஏப்ரல் 2025

அந்தத் தம்பியின் அப்பீல் விசாரணை எப்படி நடந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் சாட்சியாக வெளியே உட்கார்ந்திருந்தேன், பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். ஆணைய உறுப்பினர் திரையில் இருந்தார். மொழிபெயர்க்க வேறொருவர். உறுப்பினர் என் கடதாசியைப் படித்துவிட்டிருந்தார். என்னிடம் இரண்டே கேள்வி. அப்புறம் அவனைப் பார்த்து, வைகாசிக்குப் பிறகு என்ன மாதம் என்று கேட்டார். “ஆனி. ஜூன்.” ஆனி எந்த நாளில் தொடங்கும்? அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மாதம் வேறு எந்த நாளில் தொடங்கும் என்பதுபோல மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான். “முதலாம் திகதிதான்” என்றான். உறுப்பினர் எழுதிக்கொண்டார். இரண்டு வருடக் கவலை, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. முதல் முடிவை ரத்து செய்து அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அப்பீல் என்றால் பழைய தாளை மட்டும் புரட்டிப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ஆணையத்தாருக்கு அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறது: ஆளைக் கூப்பிடலாம், தாங்களே விசாரிக்கலாம், முடிவை மாற்றி எழுதலாம். 2007இல் லிபியாக்காரர் டான்டூஷ் வழக்கில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அகதி மனுவில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கக்கூடாது, ஆபத்துக்கு நியாயமான சாத்தியம் இருந்தால் போதும், உண்மையைத் தேடுகிற பொறுப்பு இரண்டு பக்கத்துக்கும் உண்டு. அப்பீலில் இதை எழுதச் சொல்லுங்கள்.

27 ஏப்ரல் 2025

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு நான் மழுப்பிக்கொண்டே வந்திருக்கிறேன். நேராகச் சொல்கிறேன்: நீளும். 2019இல் நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே, தேங்கிக்கிடக்கும் அப்பீல்களை அன்றிருந்த வேகத்தில் முடிக்க 68 வருடம் ஆகும் என்று கணக்குச் சொன்னார். 2021இல் ஐ.நா. அகதிகள் அமைப்போடு அரசு ஒப்பந்தம் போட்டு, 96 லட்சம் டாலர் ஒதுக்கி, ஆணையத்துக்கு ஆள் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு முன்னைவிடப் பரவாயில்லை. அந்தத் தம்பிக்கு விசாரணை வர இரண்டு வருடம் ஆனது.

அதுவரை இங்கே சட்டப்படி இருக்க அனுமதிக்கும் செக்‌ஷன் 22 பேப்பரைத் தவறாமல் புதுப்பிக்கவேண்டும். ஒரு மாதம் தாமதமானால் மனுவையே கைவிட்டதாகக் கருதும் ஒரு விதி இருந்தது. அரசமைப்பு நீதிமன்றம் 2023 டிசம்பர் 12 அன்று அதைச் செல்லாது என்றது. இருந்தாலும் காலாவதியான பேப்பரோடு சாலையில் போலீஸ் நிறுத்தினால் தீர்ப்பை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. காலாவதியாகும் தேதியை வீட்டில் எல்லாருடைய போனிலும் போட்டுவையுங்கள்.

அப்பீலிலும் தோற்றால் கதை முடிந்ததா? இல்லை. உயர்நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம், 180 நாளுக்குள். அந்த வழக்கு முடியும்வரை பேப்பரை நீட்டித்துத் தரவேண்டும் என்று 2018இல் சைதி வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

19 மே 2025

நேற்று நினைவேந்தலுக்குப் போயிருந்தேன். அந்தத் தம்பி வந்திருந்தான். கஞ்சி கொடுத்தார்கள், உப்புப் போட்ட வெறும் அரிசிக் கஞ்சி. அவன் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, “அக்கா, வைகாசி பதினெட்டு” என்றான். நான் தலையாட்டினேன். வேறு எதுவும் பேச முடியவில்லை.

14 ஜூன் 2025

மச்சானின் கோப்பு வந்துவிட்டது என்று எழுதினீர்கள். அதிகாரி எழுதிய கையெழுத்துப் பக்கங்கள் ஆறு. மச்சானைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஞாயிறு மத்தியானம் வீட்டில் இருப்பேன். நான் ஆங்கிலத்தை வாசிக்கிறேன். அன்றைக்குத் தான் என்ன சொல்லைச் சொன்னார் என்று அவர் தமிழில் சொல்லட்டும். நான் விளங்கிக்கொண்டேன் என்று நானே முடிவு செய்யமாட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்பேன்.

15 ஜூன் 2025

நாலு மணிநேரம். ஆறு பக்கத்தில் ஒன்பது இடம். ‘காணேல்லை’ நான் நினைத்தபடியேதான். ஆனால் இரண்டு இடத்தில் நான் பிழை என்று நினைத்ததை மச்சானே, “இல்லை அக்கா, அது நான்தான் மாறிச் சொன்னது, பயத்தில” என்றார். அந்த இரண்டையும் அப்படியே எழுதச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பெயரில் ஏழுதான் போகும்.

அன்று மொழிபெயர்த்தவர் யார் என்று தெரியும், பேசிப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பேசுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். அவர் வந்து சத்தியக் கடதாசி கொடுத்தால் அதற்கு ஈடு இல்லை. என்னிடம் ஒருவர் கோபமாக வந்திருந்தால், நான் அன்று கதவைச் சாத்தியிருப்பேனோ என்னவோ.

22 செப்டம்பர் 2025

மச்சானுக்கு விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. பேப்பர் புதுப்பித்தாகிவிட்டது. அந்த மொழிபெயர்ப்பாளர் வந்தார். நாகப்பட்டினத்துக்காரர், நல்ல மனிதர், ‘காணேல்லை’க்கு இப்படி ஒரு அர்த்தமா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புரட்டாசி விரதம், ஒரு காப்பி மட்டும் குடித்தார். கடதாசியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணைக்கு இலங்கைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ‘தமிழ்’ என்று மட்டும் எழுதவில்லை. எந்தத் தமிழ், ஏன் என்று ஒரு பத்தி. அதோடு மச்சான் தன் கையால் எழுதிய சொற்பட்டியல்: கிழமை, வைகாசி, கேம்ப், காணேல்லை, பேந்து. கடைசிச் சொல்லுக்கு அர்த்தம் நான் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ‘பிறகு’ என்று அர்த்தமாம்.

இன்று காலை கொடுத்தார்கள். முத்திரை விழுந்த நகல் அவருடைய கோப்பில் முதல் தாளாக இருக்கிறது.